எண்ணெய்க் கிண்ணமும் வயதும்

ஒரு குடும்பத்தில் ஐவர் இருப்பின், ஐவருக்கும் ஒரே அடுப்பில்தான் சமையல் நடைபெறுகிறது. ஆனால் உணவிலுள்ள எண்ணெயும் நெய்யும் ஐவர் உடலிலும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை.

சில மாதங்களுக்கு முன் நமது வட்டாரத்துக் கிராமமொன்றில், ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வெறும் ரசஞ்சாதம் ஊட்டப்படுவதையும், திண்ணையில் அமர்ந்திருந்த எழுபது வயதுப் பாட்டனாருக்குச் சாதத்தின் மேல் நெய் வார்க்கப்படுவதையும் கண்டோம். "பிள்ளைக்கு நெய் செரிக்காதுங்க, ஐயா" என்றார் தாயார். பெரியவரிடம் காட்டும் மரியாதையை நாம் குறை கூறவில்லை; எனினும் கணக்கு தலைகீழாக இருந்தது.

தாய்ப்பால் தரும் சக்தியில் ஏறக்குறையப் பாதி கொழுப்பிலிருந்தே கிடைக்கிறது. அத்தகைய உணவில் வளர்ந்த குழந்தையைத் திடீரென்று கொழுப்பில்லாத சோற்றுக்கு மாற்றுவது பெருந்தவறு. முதல் இரண்டாண்டுகளில் மூளை விரைந்து வளர்கிறது, வயிறோ சிறியது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஆகவே பருப்புச் சோற்றில் ஒரு சிறு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்ப்பது குழந்தைக்கு அவசியமாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைப்படி, சமையல் எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சிறு குழந்தைக்கு 25 கிராம், 13 முதல் 15 வயதுப் பையனுக்கு 45 கிராம், கடும் உழைப்பாளியான ஆணுக்கு 40 கிராம் வேண்டும். உடலுழைப்பில்லாத ஆணுக்கு 25 கிராமும், பெண்ணுக்கு 20 கிராமும் போதும். ஏர் பிடித்த காலத்து அளவையே திண்ணையில் அமர்ந்த பின்னும் உண்பது பொருந்தாது.

முதுமையில் வேறொரு மாறுதலும் நிகழ்கிறது. உணவுக்குப் பின் ரத்தத்தில் கலக்கும் கொழுப்பு, இளைஞர் உடலில் நீங்கும் வேகத்தில் முதியோர் உடலில் நீங்குவதில்லை. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் ரத்தக் கொலஸ்டிரால் உயர்வதும் உண்டு. இதய நோயுள்ளவர்கள் மருத்துவர் கூறும் அளவையே பின்பற்ற வேண்டும்.

அதற்காகப் பெரியவர்களின் உணவில் எண்ணெயை அறவே விலக்குவதும் சரியன்று. லினோலியிக் அமிலம், ஆல்பா லினோலெனிக் அமிலம் என்னும் இரு கொழுப்பு அமிலங்களை எந்த வயதிலும் நம் உடல் தானே உண்டாக்க இயலாது. உணவில் வந்தால்தான் அவை ரத்தத்தில் இருக்கும். கொழுப்பு அமிலங்களின் இன்றியமையாமையை 1929-இல் அமெரிக்காவில் பர் தம்பதியர் எலிகளைக் கொண்டு நிரூபித்தனர்.

எனவே அளவோடு வகையும் முக்கியம். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கும், பாமாயிலில் ஏறத்தாழப் பாதியும் நிறைவுற்ற கொழுப்பு. இது மிகுந்தால் ரத்தக் கொலஸ்டிரால் கூடும். நிலக்கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் லினோலியிக் அமிலம் நன்கு உள்ளது. ஆல்பா லினோலெனிக் அமிலமோ மிகக் குறைவு. அது கடுகெண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் உண்டு. மீன் உண்பவர்களுக்கு, விலை மலிந்த மத்தி மீனே அவ்வினத்தைச் சேர்ந்த கொழுப்பு அமிலங்களைத் தந்துவிடுகிறது. நியாய விலைக் கடைப் பாமாயிலை வாங்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை; ஊர்ச் செக்கில் ஆட்டிய கடலையெண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

உழவர், வயல் வேலைக்குச் செல்லும் மனைவி, பதினான்கு வயது மகன், ஐந்து வயதுக் குழந்தை, பாட்டனார் ஆகிய ஐவருக்கும் கூட்டிப் பார்த்தால், நெய்யையும் சேர்த்து மாதத்திற்கு ஐந்து லிட்டரைச் சற்றே தாண்டும். அதில் பையனின் பங்கே அதிகம். பாட்டனாரின் பங்கும் பேரக்குழந்தையின் பங்கும் சமம்.