பல் வேரில் அடைக்கும் மருந்துக்கு எத்தனை நாள் ஆயுள்?

"வலிதான் நின்றுவிட்டதே, இனி எதற்கு டாக்டர்?" ரூட் கனால் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் பலரும் சொல்லும் பதில் இது. முதல் நாள் பல்லைத் துளைத்து, உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்புகிறார்கள். ஓரிரு நாளில் வலி குறைந்து விடுகிறது. அடுத்த தவணைக்குப் போக வேண்டுமானால் அரை நாள் லீவு போட வேண்டும், ஓவர்டைமும் போய்விடும். இதற்கிடையில் ஊரில் கொடை, கல்யாணம் என்று ரயிலேறி விட்டால் கேட்கவே வேண்டாம். 'உள்ளேதான் மருந்து இருக்கிறதே, அது பார்த்துக் கொள்ளும்' என்று ஒரு தைரியம்.

அந்த மருந்து எத்தனை நாள் பார்த்துக் கொள்ளும் என்பதுதான் கேள்வி.

பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாய்களும் அடங்கிய மெல்லிய சதை உண்டு. சொத்தை ஆழமாகி அதைத் தொட்டு விட்டால் கிருமிகள் உள்ளே குடியேறுகின்றன. பெர்லினில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்ற அமெரிக்கர் 1890-களிலேயே இந்தக் கிருமிகளைக் கண்டு எழுதினார். ஆனால் நோய்க்கு வேர் கிருமிதான் என்று ஐயமற நிரூபித்தது 1965-ல் அமெரிக்காவில் எலிகளை வைத்து நடந்த ஒரு சோதனை. எலிகளின் பல்லைத் துளைத்து அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குப் பல் உள்ளே அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கோ, துளையில் உணவு அடைந்தும், புண் தானாகவே ஆறியது!

ஆகவே கிருமியை ஒழிப்பதுதான் சிகிச்சை. அதில் பெரும் பங்கு, அடைக்கும் பொருளுக்கு அல்ல. அதற்கு முன் நடக்கும் சுத்திகரிப்புக்கே. மெல்லிய அரங்களால் வேர்க் குழாயைச் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுகிறார்கள். துணி வெளுக்கும் திரவத்தில் இருக்கும் அதே சரக்குதான் இது. கிருமியையும் கொல்லும், அழுகிய சதையையும் கரைக்கும். ஆயினும் பல்லின் சுவரில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் பல்லாயிரம் நுண் துளைகள் இருக்கின்றன. அவற்றில் பதுங்கியவை எல்லாம் ஒரே நாளில் சாவதில்லை.

வெற்றிலைச் சுண்ணாம்பின் உறவினர்

அதனால்தான் இரண்டு தவணைகளுக்கு இடையில் வேருக்குள் ஒரு மருந்து வைக்கிறார்கள். அதன் பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு; அதாவது நீற்றிய சுண்ணாம்பு! வெற்றிலையில் தடவுவதும் இந்த வகைதான். (அதற்காக யாரும் சொத்தைப் பல்லில் சுண்ணாம்பை அப்பிக் கொள்ள வேண்டாம், வாய் வெந்து விடும்.) 1920-ல் ஹெர்மன் என்ற ஜெர்மானியர் இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டு வந்தார். இதன் காரத்தன்மை பி.எச். 12.5 அளவு. பெரும்பாலான கிருமிகள் இதில் பிழைக்க முடியாது. ஆனால் என்டிரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற ஒன்று மட்டும் பெரிய பிடிவாதக்காரன். காரம் சற்றுக் குறைந்த மூலையில் உயிரைப் பிடித்துக் கொண்டு கிடக்கும். தோற்றுப் போன பழைய ரூட் கனால்களைத் திறந்தால் அடிக்கடி அகப்படுவதும் இதுதான்.

பல்லின் தாதுப் பொருளே இந்தக் காரத்தை மெல்ல மெல்ல முறித்து விடுகிறது. மேலே வைத்த தற்காலிக அடைப்போ சில வாரங்களுக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. அது தேய்ந்து எச்சில் கசிந்தால், எச்சிலோடு புதுக் கிருமிகளும் இறங்கும். நரம்பு செத்த பல் ஆகையால் அந்த இடத்தில் வலியும் தெரியாது. பல மாதம் கழித்துத் தாடை வீங்கும்போதுதான் சங்கதி தெரிய வரும்.

கடலடித் தந்தியும் பல்லும்

கடைசித் தவணையில் அடைப்பது கட்டாபெர்ச்சா என்ற மரப் பால். மலாய் நாட்டு மரங்களில் கிடைக்கும் பொருள். 1870-ல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறை போட்டதும் இதனால்தான். 1867-லேயே பௌமன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதை வேருக்குள் அடைத்திருக்கிறார். இன்று விற்கும் குச்சிகளில் கட்டாபெர்ச்சா ஐந்தில் ஒரு பங்குதான். பெரும் பகுதி ஜிங்க் ஆக்சைடு. அதனால் கிருமிக்கு எதிராகச் சிறிது சக்தி உண்டு. சிறிதுதான்.

குச்சியைச் சுற்றி இடைவெளியை மூடும் பசைக்குச் சக்தி அதிகம். பழைய வகை, ஜிங்க் ஆக்சைடும் கிராம்புத் தைலத்தின் சாரமான யூஜினாலும் கலந்தது. பாட்டி சொத்தைப் பல்லில் கிராம்பு வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை! பிறகு எபாக்சி பிசின் வகை வந்தது. அண்மைக் காலத்தில் வந்தவை பயோசெராமிக் பசைகள். கட்டடச் சிமெண்டுக்குச் சொந்தக்காரர்களான இவை, ஈரம் பட்டு உறையும்போது அதே சுண்ணாம்பைக் கக்குகின்றன. ஆய்வுக் கூடத்தில் பார்த்தால், புதிதாகக் குழைத்த பசை கிருமியை நன்றாகவே கொல்கிறது. உறைந்து இறுகிய பின் அந்த வீரம் பெரும்பாலும் அடங்கி விடுகிறது. சில நாள், கூடிப் போனால் சில வாரம், அவ்வளவே.

அப்படியானால் எப்போதும் கொல்லும்படி விஷத்தைக் கூட்டினால் என்ன? அதையும் செய்து பார்த்து விட்டார்கள். ஃபார்மால்டிஹைடு கலந்த பசைகள் ஒரு காலத்தில் புழங்கின. அவை வேரின் நுனி தாண்டிக் கசிந்த இடத்தில் தாடை நரம்பு கெட்டு, உதடு மரத்தே போனவர்கள் உண்டு. கிருமியைக் கொல்வது சதையையும் கொல்லும் என்பதை மறந்ததன் பலன் அது.

ஸ்வீடனில் 1997-ல் வெளியான ஒரு ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. அடைப்பதற்குச் சற்று முன் வேரில் கிருமி இருக்கிறதா என்று சோதித்து விட்டு, ஐந்து ஆண்டு வரை கவனித்தார்கள். கிருமி இல்லாதிருந்த பற்களில் 100-க்கு 94 குணமாயின. கிருமி இருந்தவற்றில் 68 மட்டுமே. மேல் அடைப்பு மோசமாக இருந்தால், வேரை எவ்வளவு அழகாக அடைத்திருந்தாலும் பல் கெடுவது மிகுதி என்று 1995-ல் அமெரிக்காவில் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி போடச் சொல்வது வீண் செலவுக்காக அல்ல.

ஊருக்குப் போக வேண்டி வந்தால், எந்த மருந்து வைத்திருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக் கொள்ளலாம். எக்ஸ்ரே படமும் கையில் இருந்தால் மதுரையிலோ நெல்லையிலோ உள்ள பல் டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். மும்பையில் நம்மவர் இன்றும் வி.டி. என்றே சொல்லும் ரயில் நிலையத்துக்கு அருகே செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பழைய சீட்டைக் கையோடு கொண்டு போவது நல்லது.