நாரால் தைத்த கப்பல்

ஓமானின் வடகரையிலுள்ள சோஹார், இடைக்காலத்தில் கடல் வணிகத்தின் பெருந்துறைமுகமாக விளங்கியதோடு, சிந்துபாத் பிறந்த ஊர் என்றும் மரபாகச் சொல்லப்படுகிறது. அவ்வூரின் பெயரைத் தாங்கி 1980இல் கட்டப்பட்ட ‘சோஹார்’ என்னும் பாய்மரக் கப்பல், ஒரு தொன்மையான கலை அதன் கைவினைஞரிடமே உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சிறந்த சான்றாகும்.

பழைய அரபுக் கப்பல்களைப் போலவே ஆணியின்றி ஒரு கப்பல் கட்டி, அதில் சீனம் வரை செல்ல விரும்பிய ஆய்வுப் பயணி டிம் செவரினுக்கு, அன்றைய ஓமான் சுல்தான் காபூஸ் ஆதரவளித்தார். கப்பல் கட்டுவதில் பெயர்பெற்ற, அந்நாட்டின் சூர் நகரில் வேலை தொடங்கியது. ஆனால், அங்கிருந்த தச்சர்கள் ஆணி அடித்துக் கட்டும் முறைக்கு மாறி நெடுங்காலமாகியிருந்ததால், கயிற்றால் தைக்கத் தெரிந்தவர்கள் இலட்சத்தீவுகளின் அகத்தித் தீவிலிருந்து வரவழைக்கப்பட்டனர்; பலகைகளுக்கான அயினி மரமும் மலபார்க் கரையிலிருந்தே வந்தது.

தைப்பது என்பது வெறும் முடிச்சு வேலையன்று. பலகைகளை விளிம்போடு விளிம்பாகப் பொருத்தி, ஓரங்களில் துளையிட்டு, இணைப்பின் மேல் தேங்காய் நாரைத் திரணையாக வைத்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக நின்று கயிற்றைக் கோத்து இறுக்குவர். இறுக்கம் குறைந்தால் நீர் கசியும். அளவு மீறினால் கயிறு அறும். அந்த அளவை எந்த நூலும் கற்றுத்தர இயலாது. பலகாலப் பழக்கமே கைக்குக் கற்றுத்தரும். 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட கப்பல், 1981 ஜூலையில் சீனத்தின் குவாங்சோவை அடைந்து, அந்தக் கைகளின் தேர்ச்சியை மெய்ப்பித்தது.

தமிழகக் கரைக்கும் இக்கலை அயலானதன்று. சென்னையில் செயற்கைத் துறைமுகம் அமையுமுன், அலை மோதும் கரைக்கும் கப்பல்களுக்குமிடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற மசூலாப் படகுகளும் கயிற்றால் தைக்கப்பட்டவையே; ஆணி அடித்த படகு உடையும் இடத்தில், அவை வளைந்து கொடுத்துத் தப்பின. துறைமுகம் வந்தபின் அவற்றின் தேவை குறைந்தது. தேவை குறைந்தபின் தைப்போரும் குறைந்தனர்.

‘சோஹார்’ இன்று மஸ்கட்டின் அல் புஸ்தான் அருகே காட்சிப்பொருளாக நிற்கிறது. பழைய பொருளைக் காட்சிக்கு வைப்பது மரபைப் போற்றுவதில் பாதியே. கைவினைஞருக்கு வாழ்வளிக்கும் கூலியும், அவரிடம் தொழில் பழக இளைஞர்களும் வாய்க்கும்போதே அப்பணி முழுமை பெறும். அரசுகளும் செல்வரும் முதலில் செய்யவேண்டிய செலவு அதுவே.