பிள்ளையின் படிப்புக்கு எத்தனை தென்னை?

இனயம் பக்கத்தில் ஒரு விளையில் தென்னை வேர்வாடல் நோய் பற்றிப் பேசி முடித்திருந்தேன். கேள்வி நேரம் வந்தது. மருந்து, உரம் பற்றி இரண்டு மூன்று கேள்விகள் வந்தன. பிறகு பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்தார். “பிள்ளைக்க படிப்புக்கு எவ்வளவு ரூவா சேத்து வைக்கணும் சாரே? எனக்கு இருபத்தைஞ்சு சென்ட்தான் உண்டு” என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நான் கேட்ட கேள்விகளில் அதுதான் சரியான உழவியல் கேள்வி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்றது குமரி மாவட்டம் (91.75 சதவீதம்). இங்கே கடற்கரை வீடானாலும் விளையோர வீடானாலும் பிள்ளை கல்லூரிக்குப் போகுமா என்று யாரும் கேட்பதில்லை. எப்படிக் கட்டணம் கட்டுவது என்பதே கேள்வி. அதற்கு நம்மில் பலர் வைத்திருக்கும் விடை, நிலத்தை விற்பது அல்லது நகையை அடகு வைப்பது. இரண்டும் இல்லாமல் ஒரு வழி சொல்ல முயல்கிறேன். பயிருக்குத் திட்டமிடுவது போலவே இதற்கும் திட்டமிடலாம்.

ஆனி மாதத்துச் சிக்கல்

கல்லூரிச் சேர்க்கை நடப்பது ஜூன், ஜூலை மாதங்களில். அந்த இரண்டு மாதத்தில் நம் ஊரில் யார் கையில் பணம் இருக்கிறது என்று பாருங்கள்.

குமரியின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தென்மேற்குப் பருவமழையில் ரப்பர் பால்வெட்டு அடிக்கடி நின்றுபோகும். நேந்திரன் வாழை தாரோடு நிற்கும், ஆனால் நல்ல விலை ஓணத்துக்குத்தான். நெல் விவசாயி கன்னிப்பூ சாகுபடியில் பணத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். தென்னைக்கு முதல் தவணை உரம் போட வேண்டியதும் ஜூன், ஜூலையில்தான். வரவு இல்லை, செலவு உண்டு, அதன்மேல் கல்லூரிக் கட்டணம்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. நான் வேளாண்மை படித்த காலத்தில் அம்மாவின் சங்கிலி ஒவ்வொரு ஆனியிலும் அடகுக்குப் போகும், ஓணத்துக்கு வாழை வெட்டியதும் திரும்பி வரும். மூன்றாம் ஆண்டில் காற்றடித்து வாழை சாய்ந்தது. சங்கிலி திரும்பவில்லை. அப்பா வாழை வளர்ப்பதில் தவறு செய்யவில்லை. பணம் தேவைப்படும் மாதமும் பணம் வரும் மாதமும் வேறு வேறு என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பலர் இந்த நெருக்கடியில் முதலில் கைவைப்பது உரச் செலவில். தென்னையில் பாளை குருத்துக்குள் உருவாகத் தொடங்கியதிலிருந்து அதன் தேங்காய் வெட்டுக்கு வர ஏறக்குறைய 44 மாதங்கள் ஆகும். பிள்ளையின் முதலாண்டில் உரம் போடாமல் பட்டினி போட்ட மரம், நான்காம் ஆண்டுக் கட்டணம் கட்டும்போதும் கைவிரிக்கும்.

எவ்வளவு தேவை?

பொறியியலை எடுத்துக்கொள்வோம். தனியார் கல்லூரிகளில் கலந்தாய்வு மூலம் கிடைக்கும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு, 2017-ல் கட்டண நிர்ணயக் குழு அறிவித்த ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 85,000, 87,000. 55,000 என்று வைத்தால் நான்காண்டுக்கு 2.20 லட்சம். விடுதி, சாப்பாடு, புத்தகம், பயணம் என்று ஆண்டுக்கு 70,000 வைத்தால் 2.80 லட்சம். மொத்தம் 5 லட்சம். வீட்டிலிருந்து போய்வந்தால் இது நன்றாகக் குறையும்.

இது இன்றைய கணக்கு. செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால் 12 ஆண்டில் இரண்டு மடங்காகும். இன்று ஆறு வயதுப் பிள்ளைக்கு, 18 வயதில் தேவை சுமார் 10 லட்சம்.

இந்தத் தொகையைக் கேட்டு மலைக்க வேண்டாம். முழுவதையும் முன்கூட்டியே சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முதல் இரண்டு ஆண்டுச் செலவு கையில் இருக்கட்டும். பிந்தைய இரண்டு ஆண்டை அப்போதைய வருமானமும், தேவைப்பட்டால் கல்விக்கடனும் பார்த்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுச் செலவு கையிருப்பு என்றால், ஒரு பருவம் காற்றிலோ விலை வீழ்ச்சியிலோ போனாலும் படிப்பு நிற்காது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் ஒரே நாளில் இந்த மாவட்டத்தின் வாழையையும் ரப்பரையும் தென்னையையும் சாய்த்ததை நாம் பார்த்திருக்கிறோம். கடலோரக் குடும்பங்கள் ஆட்களையே இழந்தன.

ஆக, இலக்கு 5 லட்சம். ஆண்டுக்கு 7 சதவீத வட்டி கிடைத்தால், 18 வயதில் 5 லட்சம் சேர மாதம் எவ்வளவு போட வேண்டும்?

பிறந்ததும் தொடங்கினால்: சுமார் 1,160 ரூபாய்.
6 வயதில் தொடங்கினால்: சுமார் 2,225 ரூபாய்.
12 வயதில் தொடங்கினால்: சுமார் 5,600 ரூபாய்.
15 வயதில் தொடங்கினால்: சுமார் 12,500 ரூபாய்.

பட்டம் தவறிய விதைப்பு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவேதான் இதுவும்.

மாதக் கணக்கு வேண்டாம், வெட்டுக் கணக்கு போடுங்கள்

மாதச் சம்பளக்காரர்களுக்கு எழுதிய சேமிப்பு யோசனை நமக்கு ஒத்துவராது. நமக்கு மாதம் பிறந்தால் பணம் வருவதில்லை, வெட்டு வந்தால்தான் வரும். எனவே ரூபாயை ஒதுக்காதீர்கள், மரத்தை ஒதுக்குங்கள்.

ஆறு வயதில் தொடங்குபவருக்கு ஆண்டுக்கு சுமார் 27,000 ரூபாய் தேவை. நன்கு பராமரித்த நெட்டை ரகத் தென்னை ஆண்டுக்கு 80 காய் தரும். 20 மரம் என்றால் 1,600 காய். வெட்டுக்கூலி, சுமைகூலி, உரச் செலவு போகக் காய்க்கு 17 ரூபாய் மிஞ்சினால் 27,200 ரூபாய். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் ஆண்டில் எட்டு வெட்டு, வெட்டுக்கு சுமார் 3,400 ரூபாய். அந்த 20 மரத்துக்கும் பெயிண்டால் ஓர் அடையாளம் போடுங்கள். அவற்றின் காசு வீட்டுச் செலவுக்கு வராது என்று குடும்பமே முடிவு செய்யுங்கள். விலை ஏறும் ஆண்டில் தானாகவே கூடுதலாகச் சேரும், இறங்கும் ஆண்டில் குறையும். உங்களால் முடியாத தொகையை யாரும் கேட்கப் போவதில்லை.

25 சென்ட் உள்ள அந்தத் தாய்க்கு? 7.5 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், 25 சென்டுக்குப் 17 மரம். எல்லாவற்றையும் பிள்ளைக்கு ஒதுக்கிவிட்டால் வீடு நடக்காது. எட்டு மரம் ஒதுக்குங்கள். அந்த எட்டின் அடியில் குறுமிளகு ஏற்றுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கத் தொடங்கும் அந்த மிளகும் பிள்ளைக்கே. இடையில் வாழை வையுங்கள். குமரியின் மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

ஒதுக்கிய மரம் 50 காய் தருகிறது என்றால் அதை 80 ஆக்குவதும் சேமிப்புதான். வளர்ந்த மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இதை ஜூன்-ஜூலை, டிசம்பர்-ஜனவரி என இரண்டாகப் பிரித்து இடுங்கள். பலர் விட்டுவிடுவது பொட்டாஷைத்தான். நமது செம்மண், மணற்பாங்கு நிலங்களில் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

நேந்திரன் போடுகிறவர்கள் ஓணப் பணம் கைக்கு வந்த வாரமே அடுத்த ஜூன் கட்டணத்துக்கான பங்கை எடுத்து, மே மாதத்தில் முதிரும்படி வங்கியில் வைப்பாகப் போட்டுவிடுங்கள். கடலுக்குப் போகும் குடும்பங்களும் நல்ல பாடு கிடைக்கும் மாதங்களில் இதையே செய்யலாம். ஆனியில் அடகுக்கடைப் பக்கம் போக வேண்டியிருக்காது.

ரப்பர் வைத்திருப்போர் கவனத்துக்கு

ரப்பர் பால்வெட்டுக்கு வர ஏழு ஆண்டு ஆகும். பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்தால் அத்தனை ஆண்டும் அந்த நிலத்தில் பால் வருமானம் கிடையாது. இந்த இடைவெளி பிள்ளையின் கல்லூரி ஆண்டுகளில் வந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏக்கர் இருந்தால் ஏக்கர் ஏக்கராகப் பிரித்து, பிள்ளை தொடக்கப் பள்ளியில் இருக்கும்போதே முதல் ஏக்கரை மறுநடவு செய்யுங்கள். கல்லூரிக்குப் போகும் ஆண்டில் அது வெட்டுக்கு வந்திருக்கும். வேலியோர ஆயினியும் பலாவும் நல்ல வைப்புதான். ஆனால் வெட்டுவதற்கு அனுமதி தேவையா என்பதை முன்கூட்டியே வனத்துறையில் கேட்டு வையுங்கள். கட்டணம் கட்டக் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

எங்கே போடுவது?

பெண் பிள்ளைக்கு பத்து வயதுக்குள் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் 1.5 லட்சம். 15 ஆண்டுகள் கட்ட வேண்டும், 21-ஆம் ஆண்டில் முதிர்வு. இப்போதைய வட்டி 8.2 சதவீதம். ஆண்டுதோறும் ஏப்ரல் 5-க்குள் 12,000 ரூபாய் கட்டி, வட்டி இதே அளவில் நீடித்தால், முதிர்வில் சுமார் 5.7 லட்சம் கிடைக்கும். பிள்ளை 18 வயதை எட்டியதும், அல்லது பத்தாம் வகுப்பு முடித்ததும், முந்தைய நிதியாண்டு இருப்பில் பாதி வரை படிப்புக்காக எடுக்கலாம்.

ஆண் பிள்ளைக்கு பொது வருங்கால வைப்பு நிதி (வட்டி 7.1 சதவீதம், 15 ஆண்டு). இரண்டிலும் மாதாமாதம் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. வெட்டு முடிந்த அன்றே கட்டலாம். நமக்கு இது பெரிய வசதி. கூடுதல் வட்டி தருவதாகச் சொல்லும் பதிவில்லாத நிதி நிறுவனங்களிலும் சீட்டிலும் பிள்ளையின் பணத்தைப் போடாதீர்கள்.

சேர்க்காமலே மிஞ்சும் பணம்

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. இதில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வு மூலம் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. சிறு, குறு விவசாயிகள் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும், மீனவர்கள் மீனவர் நல வாரியத்திலும் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒரு கணக்கு சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பள்ளிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் கட்டணம் கட்டுகிறீர்கள் என்றால் அது மாதம் 2,500. அதே தொகையை 12 ஆண்டு 7 சதவீத வட்டியில் போட்டால் 5.6 லட்சம். அதாவது நாம் மேலே போட்ட இலக்கு முழுவதும். எந்தப் பள்ளி என்பது உங்கள் முடிவு. முடிவெடுக்கும் முன் இந்தக் கணக்கையும் ஒரு முறை பாருங்கள்.

கடனும் எச்சரிக்கையும்

கல்விக்கடன் வாங்குவதில் வெட்கமில்லை. 4 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமலும், கடன் உத்தரவாத நிதியின் கீழ் 7.5 லட்சம் வரையும் தர வழி உண்டு. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தர அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை ஒன்றிய அரசு ஏற்கிறது. வட்டாட்சியரின் வருமானச் சான்றிதழை மே மாதத்திலேயே வாங்கி வையுங்கள்.

செய்யக் கூடாதவை மூன்று. உழவர் கடன் அட்டையில் வாங்கிய பயிர்க்கடனைக் கட்டணத்துக்குத் திருப்பாதீர்கள். குறித்த காலத்தில் கட்டினால் 4 சதவீதத்தில் முடியும் கடன், தவறினால் அந்தச் சலுகையை இழக்கும், அடுத்த பருவம் பயிருக்குப் பணமிருக்காது. இரண்டாவது, இடைத்தரகர் சொல்லும் வெளிமாநில நர்சிங் கல்லூரிக்கு, இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மூன்றாவது, காய்க்கும் நிலத்தை விற்காதீர்கள். படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்க ஓரிரு ஆண்டு ஆகலாம். அதுவரை வீட்டுக்கும், உங்கள் முதுமைக்கும் சோறு போடுவது அந்த விளைதான்.

அன்று கேள்வி கேட்ட தாயின் பிள்ளைக்கு ஐந்து வயது. கூட்டம் முடிந்ததும் இருவருமாக விளையைச் சுற்றி வந்து எட்டு மரங்களைத் தேர்ந்தெடுத்தோம். “எட்டு மரம் போதுமா சாரே?” என்றார். போதாது என்று உண்மையைச் சொன்னேன். ஆனால் எட்டில் தொடங்கியவர் நிச்சயம் பூஜ்யத்தில் நிற்கமாட்டார். உங்கள் பிள்ளைக்கான மரங்கள் எவை என்பதை அடுத்த வெட்டுக்கு முன் முடிவு செய்துவிடுங்கள்.

- கட்டுரையாளர், வேளாண் விஞ்ஞானி. உழவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.