அழிந்ததாகப் பதிவான மரம்

தாவரப் பாதுகாப்புப் பற்றி எதைப் படிக்கலாம் என்று கேட்கும் நேயர்களுக்கு நான் முதலிற் சொல்வது, பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி ட்ரைமனின் இலங்கைத் தாவரக் கைந்நூல். 1893இல் வெளிவரத் தொடங்கியது. 1896இல் அவர் மறைந்தபின் ஜோசப் ஹூக்கர் 1900இல் நிறைவு செய்தார். ஆங்கில நூல்தான், ஆயினும் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் உண்டு. நமது அகராதிக்காரர்கள் இதைப் புரட்டிப் பார்க்கலாமே!

அடுத்தது தேசிய சிவப்புப் பட்டியல். இடையிடையே திருத்தப்படுவதால் ஆண்டைப் பார்த்தே வாசிக்கவேண்டும். 2012ஆம் ஆண்டுப் பட்டியல் அழிந்ததெனக் குறித்த குரூடியா செய்லானிக்கா என்ற மரமொன்று, 2019இல் கம்பஹா தரலுவவில் உயிருடன் இனங்காணப்பட்டது. 2021இல் நெடுஞ்சாலைக்காக அதை வெட்டப் போகிறார்கள் என்றபோது, எதிர்த்தவர்கள் எடுத்துக் காட்டியது அந்தப் பதிவைத்தான்.