இணையப் பாதுகாப்புப் பயிற்சியில் செயல்முறை அகழ்வு

செயல்முறை அகழ்வு (புராசஸ் மைனிங்) என்பது, கணினி பதிந்துவைக்கும் நிகழ்வுக் குறிப்புகளைக் கொண்டு, ஒரு வேலை உண்மையில் எந்த வரிசையில் நடந்தது என்பதை வரைபடமாக மீட்டெடுக்கும் முறையாகும். நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் வில் வான் டெர் ஆல்ஸ்ட் இத்துறையின் முன்னோடி. அலுவலகம், மருத்துவமனை ஆகியவற்றின் நடைமுறைகளை ஆராய உதவும் இம்முறை, மாணவர் கற்கும் விதத்தை அறியவும் பயன்படுகிறது.

தேவை

இணையப் பாதுகாப்பு பல இடங்களில் ‘கொடியைக் கைப்பற்று’ என்னும் விளையாட்டு வழியே கற்பிக்கப்படுகிறது. கணினியிலுள்ள பாதுகாப்புக் குறையைக் கண்டறிந்து, அதில் மறைத்துவைத்த சொல்லை எடுத்துத் தரவேண்டும். அச்சொல்லே கொடி. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்த விஸ்வ வித்யாபீடம் நடத்தும் ‘இன்சிடிஎஃப்’ இவ்வகைப் போட்டியே.

கொடியை எடுத்தவர் யார் என்பதை மதிப்பெண் சொல்லும். எடுக்காதவர் எங்கே தடுமாறினார் என்பதைச் சொல்லாது. கணக்கின் வழிமுறையைப் பார்க்காமல் விடையை மட்டும் திருத்துவது போன்றது இது.

செயல்படும் விதம்

யார், என்ன செய்தார், எப்போது செய்தார் ஆகிய மூன்று விவரங்கள் இதற்கு அடிப்படை. எடுத்துக்காட்டாக, இரு மாணவர்கள் ஒரே கட்டத்தில் தோற்றதாகக் கொள்வோம். முதலாமவர் ‘என்மேப்’ கருவியால் திறந்திருக்கும் போர்ட்டைக் கண்டுபிடித்தார். அடுத்த கட்டளையைப் பலமுறை பிழையாகத் தட்டச்சு செய்தார். இரண்டாமவர் தொடங்கியவுடன் குறிப்புதவியைத் திறந்தார். பிறகு ஊகத்தில் ஐந்து விடைகளை அளித்தார். இருவருக்கும் மதிப்பெண் பூஜ்யமே. ஆனால் முதலாமவருக்குக் கட்டளையை எழுதும் முறையைக் காட்டினால் போதும். இரண்டாமவருக்கு அடிப்படையிலிருந்து கற்பிக்க வேண்டும். வகுப்பில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் நின்றுவிட்டால், வினாவில் தெளிவு உள்ளதா என ஆசிரியர் பார்க்க வேண்டும்.

ஆய்வு

செக் குடியரசின் புர்னோ நகரிலுள்ள மசாரிக் பல்கலைக்கழகம் ‘கைப்போ’ என்னும் பயிற்சித் தளத்தை உருவாக்கியுள்ளது. அதில் பதிவான கட்டளைகள், குறிப்புதவிகள், தவறான விடைகள் ஆகியவற்றை அங்குள்ள ஆய்வாளர்கள் இம்முறையில் ஆராய்ந்துள்ளனர்.

வரம்புகள்

எல்லாக் கட்டளைகளையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தால் கோடுகள் நூல்கண்டு போலச் சிக்கிக்கொள்ளும். எனவே கட்டம் கட்டமாகப் பிரித்தும், ஒத்த கட்டளைகளைத் தொகுத்தும் பார்க்க வேண்டும். பதிவில் காணும் பத்து நிமிட இடைவெளி சிந்தனையா, சோர்வா என்று கணினி அறியாது. மாணவரிடம்தான் கேட்க வேண்டும். என்ன பதிவாகிறது என்பதை மாணவருக்கு முன்பே தெரிவிப்பதும், ஆய்வில் பெயர்களை நீக்குவதும் அவசியம். தண்டிக்கப் பயன்படும் எனத் தெரிந்தால், எந்த மாணவரும் துணிந்து தவறு செய்து பார்க்கமாட்டார். தவறு செய்து பார்க்காமல் இக்கலையைக் கற்க முடியாது.