பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ன செய்கிறார்?



நமது டிரஸ்டின் மருத்துவ உதவிக்கு வரும் விண்ணப்பங்களில், பக்கவாதம் வந்த பெரியவர்களுக்காக வருபவை கணிசமானவை. மாத்திரை, ஸ்கேன், பிசியோதெரபி, படுக்கை என்று உதவி கேட்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபிக்கு என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாலும், "அதான் பிசியோவுக்குப் போறோமே பாய், இது எதுக்கு?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இந்தக் கட்டுரை.

பெயரே பாதிக் குழப்பம். தமிழில் தொழில்முறை சிகிச்சை என்று எழுதுகிறார்கள். படிப்பவர், எழுபது வயது வாப்பாவுக்கு இனி என்ன தொழில் என்று சிரித்துவிட்டுப் போகிறார். இங்கே தொழில் என்பது சம்பாத்தியம் அல்ல. காலையில் கண் விழித்தது முதல் இரவு படுக்கும்வரை ஒருவர் தம் கையால் செய்துகொள்ளும் காரியங்கள் எல்லாம் அதில் அடங்கும். பல் துலக்குவது, கைலி கட்டுவது, ஒளூச் செய்வது, சோறு பிசைந்து உண்பது, பேரப்பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிடுவது வரை. பிசியோதெரபிஸ்ட் முக்கியமாகத் தோளும் முழங்காலும் அசையவும் வலுப்பெறவும் உழைக்கிறார். அப்படி அசையத் தொடங்கிய கையால் செம்பைத் தூக்கித் தண்ணீர் ஊற்ற முடிகிறதா, முடியாவிட்டால் வேறு எப்படி ஊற்றலாம் என்று பார்ப்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இருவரும் வேண்டும்.

இது நேற்று வந்த படிப்பும் அல்ல. அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த கமலா நிம்ப்கர் 1950ஆம் ஆண்டு மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். நம் மாநிலத்தில் வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் பட்டப்படிப்பாகவே சொல்லித் தருகிறார்கள்.

அடுத்து, பகல்நேர மையம். இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் முகம் மாறுகிறது. பெற்றோரை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டார்கள் என்ற பேச்சு வருமோ என்ற பயம். மையம் வேறு, இல்லம் வேறு. காலையில் வேனிலோ ஆட்டோவிலோ போய், சாயங்காலம் வீடு திரும்பிவிடுகிறார்கள். இரவு அவர்கள் தம் கட்டிலில்தான் உறங்குகிறார்கள்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 'ஆன் லோக்' என்றொரு அமைப்பு இருக்கிறது. சீனாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில் 1970களின் தொடக்கத்தில் உருவானது. பெற்றோரை வெளியே அனுப்புவது அவர்களுக்கும் நம்மைப் போலவே மனம் ஒப்பாத காரியம். ஆனால் பகலெல்லாம் உழைக்கப் போகவேண்டிய மக்கள். ஆகவே பெரியவர்கள் பகலில் மையத்துக்கு வந்து, மருத்துவமும் பயிற்சியும் சாப்பாடும் பெற்று, இரவில் வீட்டில் இருக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். பின்னர் அந்த முறையை அந்நாட்டு அரசு சட்டமாக்கி மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோனது. அத்தகைய மையங்களில் டாக்டர், நர்சு ஆகியோருடன் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் குழுவில் கட்டாயம் இருக்கவேண்டும் என்பது விதி.

முதல் நாள் அவர் செய்வது பெரும்பாலும் கேட்பதும் பார்ப்பதும்தான். உண்பது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை செல்வது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படி ஏறுவது என்று 10 காரியங்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் போடும் 'பார்த்தெல்' அளவுகோல் ஒன்று உலகமெங்கும் பயன்படுகிறது. அதில் அவர் கேட்பது "இவரால் முடியுமா?" என்பதை அல்ல, "இவர் தினமும் தாமே செய்கிறாரா?" என்பதை. இரண்டுக்கும் உள்ள தூரம் நம் வீடுகளில் மிக அதிகம். அதைக் கீழே சொல்கிறோம்.

வலக்கை விழுந்த ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். இடக்கையால் உண்ணக் கூசுகிறார். மருமகள் ஊட்டிவிட வருவதும் அவருக்கு வெட்கம். இரண்டு கவளத்தில் போதும் என்று எழுந்துவிடுகிறார். தக்க காரணம் இருந்தால் இடக்கையால் உண்பது தடையல்ல என்பதை ஆலிம்கள் சொல்லிவிடுவார்கள். தெரபிஸ்ட் அதற்கு மேலும் ஒரு வழி பார்க்கிறார். கரண்டியின் காம்பில் துணியோ ஸ்பாஞ்சோ சுற்றித் தடிமனாக்கினால், பலவீனமான விரல்களாலும் பிடிக்க முடியலாம். தட்டின் அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நகராது. விளிம்பு உயர்ந்த தட்டென்றால் சோறு வெளியே போகாது. இடக்கை வலக்கையைத் தாங்கிக்கொண்டு வாய்வரை கொண்டுபோகவும் பழக்குகிறார். செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. அவர் மறுபடி எல்லோருடனும் ஸஹனில் உட்கார்ந்து உண்கிறார் என்றால் அதன் மதிப்பை நாம் சொல்லவேண்டியதில்லை.

சட்டை போடுவதற்கும் ஒரு முறை உண்டு. போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்கவேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்கவேண்டும். தெரியாமல் நல்ல கையை முதலில் போட்டுவிட்டு, பிறகு பலமற்ற தோளைப் பிடித்து இழுக்கும் வீடுகள் எத்தனையோ. தோள்வலிக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒளூவும் தொழுகையும் அவருடைய வேலைக்குள்தான் வருகின்றன. ஒளூச் செய்யுமிடம் ஈரமான இடம், பெரியவர்கள் வழுக்கி விழும் இடமும் அதுவே. பாதம் தரையில் முழுதாகப் படும் உயரத்தில் ஒரு ஸ்டூல், முழங்கையால் தள்ளித் திறக்கும் குழாய், சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடிக் கம்பி. துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழக்கூடாது, அது பெயர்ந்து வந்துவிடும். தொழும் நாற்காலி முழங்கால் உயரத்தில், கைப்பிடியுடன், நகராததாக இருக்கவேண்டும். எழும்போது முதலில் நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னிழுத்து, உடலை முன்னே சாய்த்து எழப் பயிற்சி தருகிறார். எந்த நிலையில் தொழுவது என்ற மார்க்கச் சட்டத்தை இமாமிடம் கேளுங்கள். எந்த நிலை உடலுக்குத் தாங்கும் என்பதை அந்தத் தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.

மறதி நோய் வந்த உம்மாமார்களுக்கு வேலை வேறு விதம். "என்ன உடுத்துறீங்க?" என்று கேட்டால் அவர்கள் தடுமாறுவார்கள். உடுத்தும் வரிசையில் துணிகளை அடுக்கி வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொன்னால் தாமே உடுத்துவார்கள். பெயர்கள் மறந்த பிறகும் கை பழகிய வேலை நெடுநாள் நிற்கும். முருங்கைக்கீரை உருவுவது, பூண்டு உரிப்பது, பூக் கட்டுவது. மையத்தில் இவற்றைக் கொடுத்துச் செய்யச் சொல்வதைப் பார்த்து, "எங்க உம்மாவை வேலை வாங்குறாங்க" என்று கோபப்படுபவர்கள் உண்டு. அது வேலை வாங்குவதல்ல, சிகிச்சை. அந்த நேரத்தில் அவர்களின் பதற்றம் அடங்குவதை அருகில் இருந்து பார்த்தால் தெரியும்.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். பெற்றோருக்குப் பணிவிடை செய்வது நம் மீது கடமை என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த நல்லெண்ணத்தில்தான் வாப்பா எழுமுன் தூக்கிவிடுகிறோம், கேட்குமுன் ஊட்டிவிடுகிறோம், குளிப்பாட்டி உடுத்திவிடுகிறோம். ஒரு பொத்தான் போட அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டிய மருமகளுக்கு அந்த ஐந்து நிமிடம் இல்லை. மகன் சவூதியிலோ துபாயிலோ. ஆகவே அவள் போட்டுவிடுகிறாள். ஆறு மாதத்தில், செய்யத் தெரிந்திருந்த காரியமும் அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. மருமகளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் இல்லாத அந்த நேரம் மையத்தில் இருக்கிறது என்பதே நாம் சொல்ல வருவது. அங்கே ஒரு பொத்தானுக்கு அரை மணி நேரம் ஆனாலும் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பக்கத்தில் அதே நிலையில் இன்னும் நாலு பேர் முயன்றுகொண்டிருப்பதும் ஒரு தைரியம்.

எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்க்கவேண்டாம். பக்கவாதத்தில் கையின் பலம் திரும்புவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். ஆனால் இருக்கும் பலத்தோடு ஒரு காரியத்தை வேறு வழியில் செய்யக் கற்பதற்குக் காலக்கெடு இல்லை.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரபிஸ்ட் பட்டம் பெற்றவரா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், வீட்டுக்கு ஒருமுறை வந்து கழிப்பறையையும் வாசற்படியையும் பார்ப்பாரா? பெண்களுக்குக் குளியல், உடை தொடர்பான பயிற்சிக்குப் பெண் தெரபிஸ்ட்டையே கேளுங்கள், தயங்கவேண்டாம். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநகராட்சிப் பகுதிகளில் 'அன்புச்சோலை' என்ற பெயரில் 25 பகல்நேர முதியோர் மையங்களை அறிவித்தது. உங்கள் நகரில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கு, 60 வயது கடந்த வசதியற்றவர்களுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. டிரஸ்டின் பணம் அதற்குச் செலவாகாமல் மிஞ்சினால் இன்னொரு வீட்டுக்கு உதவும்.

இனி மருத்துவ உதவிக்கு விண்ணப்பிப்பவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரி, ரேஷன் கார்டு நகலுடன் தனித்தாளில் இரண்டு வரி எழுதி இணையுங்கள்: நோய்க்கு முன் அவர் தம் கையால் என்னென்ன செய்துவந்தார், இப்போது எதெல்லாம் நின்றுபோயிருக்கிறது. முடிந்தால் அதை அவரிடமே கேட்டு எழுதுங்கள்.