வி.ஐ.பி. தொகுதியும் வராத ரயிலும்

எங்கள் தேனிப் பக்கம் முதலமைச்சர்களுக்கு ராசியான பூமி. 1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 2002-ல் அங்கேயே ஜெயலலிதா. 2011-ல் போடியில் ஓ.பன்னீர்செல்வம்.

சரி, ரயில் என்ன ஆச்சு?

மதுரை - போடி மீட்டர்கேஜ் வண்டியை, அகலப் பாதை போடுகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். மொத்தம் 90 கிலோமீட்டர்தான் ஸார்! தேனிக்கு வர 2022 மே ஆயிற்று. போடிக்கு 2023 ஜூன். அந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ் படித்த பையன் பிளஸ் டூவே முடித்துவிட்டான். நடுவில் போடி எம்.எல்.ஏ. இரண்டு தடவை முதலமைச்சராகவும் இருந்துவிட்டார்!

'ரயில்வே மத்திய சர்க்கார் சமாச்சாரம்' என்பீர்கள். வாஸ்தவம். டெல்லியில் காங்கிரஸும் இருந்தது, பி.ஜே.பி.யும் இருந்தது. ஏலக்காய் வியாபாரியும் ஆபீஸ் குமாஸ்தாவும் பஸ்ஸில் தொங்கியதுதான் மிச்சம்.

புதுசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய தடத்தில்தான் புதுசு போட வேண்டும், அதுவும் சரி. ஆனால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டல்லவா தண்டவாளத்தைப் பெயர்க்க வேண்டும்? குடியிருக்கிற கூரையைப் பிரித்துவிட்டுக் கடன் கேட்டு அலைகிறவனை ஊரில் என்ன சொல்வார்கள்?

கம்பத்துக்காரர்கள் இன்னும் ரயில் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நிம்மதி: பெயர்த்துப் போட அங்கே தண்டவாளமே கிடையாது!